கோலாலம்பூரில் நீங்கள் பார்க்காத ஆறு

மதினி,

சாப்பாட்டு மேசை மேல் ஒரு டின் உட்கார்ந்திருக்கிறது. பழைய பிஸ்கட் டின். மூடி திறந்துகொள்ளாமல் இருக்க மஞ்சள் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் போய்ச் சேர வேண்டிய ஊரை, ‘கிள்ளான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. உள்ளே சீப்புச் சீடை. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து இன்றைக்குக் காலையில்தான் சுட்டிருப்பார்கள் போல. கயிற்றையும் மூடியையும் மீறிக்கொண்டு வாசம் வீடு முழுக்க வருகிறது. நல்ல வாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதை மோந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிகிறது.

யார் கொண்டுவந்து வைத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டு வள்ளியக்காதான். அடுத்த வாரம் நான் மறுபடியும் கோலாலம்பூர் போவது எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது. “ஏ செல்வி, மலேசியா போறியாமுல்ல? ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா. இந்தா, ரெண்டு கிலோகூட வராது. எங்க நாத்துனா வீடுதான் ஒனக்குத் தெரியுமுல்ல” என்று சொல்லி வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரியுமாம். அந்த வீட்டை எப்படி மறப்பேன்?

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உங்களோடு ஒழுங்காக ஒரு சண்டை போட முடிந்ததில்லை. நான் குரலை உயர்த்தினால் ஒரு டம்ளர் மோரைக் கலக்கி நீட்டிவிடுவீர்கள். குடித்து முடிப்பதற்குள் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோகும். இன்றைக்கு மோர் நீட்ட ஆள் இல்லை. அதனால் முழுதாகத் திட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தினீர்கள். அதில் வரலாறு உங்களுக்கு ஆகாது. “செத்தவுக கதை எதுக்கு? இருக்குற மலையும் ஆறும் பத்தாதா?” என்பீர்கள். புவியியல் பாடம் என்றால் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவீர்கள் என்று உங்களோடு வேலை பார்த்த பிலோமினா டீச்சர் சொல்லிச் சிரிப்பார். ஊர்கள் எப்படி உண்டாகின்றன என்ற பாடத்துக்குக் கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து ஒன்றாகச் சேர்ப்பீர்களாம். சேரும் இடத்தில் ஒரு புள்ளி. “இதுதான் கோலாலம்பூரு. ரெண்டு ஆறு சேர்ற சகதியில ஒரு ஊரு மொளச்சிருக்கு, பேரும் அதுலருந்துதான் வந்துச்சு” என்பீர்களாம். வருஷம் தவறாமல் அதே கோடு, அதே புள்ளி.

நம் சீமையில் ஆறு என்றால் என்ன? சிங்கம்புணரியில் பிறந்த நானே எங்கள் ஊர்ப் பாலாற்றில் மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் முப்பது வருஷம் தண்ணீரைப் பற்றிப் பேசிய மனுஷிக்கு அந்த இடத்தை ஒருமுறை பார்க்க ஆசை வந்ததில் என்ன தப்பு? நான்கூடக் கேட்டேன். “ரெண்டு ஆறு சேர்றதப் பாக்கணும்னா பவானிக்குப் போனா ஆகாதா மதினி? பஸ்லயே போயிறலாமே.”

“பவானி பாத்தாச்சு ஏத்தா. அங்க கோயில்தான் பெருசாத் தெரியும். இது ஊரே அந்த எடத்துலருந்து கெளம்புனது. வாழ்நாளெல்லாம் படம் போட்டுக் காட்டிருக்கேன். போட்ட படம் சரியான்னு ஒரு தடவை பாத்துரணும்ல.”

நீங்கள் ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. விசா எடுக்காமலே மலேசியா போகலாம் என்று செய்தி வந்தது. திருச்சியிலிருந்து மலிவு விமானம் இருந்தது. பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன், “தனியா வேணாம்மா, அத்தையையும் கூட்டிட்டுப் போ” என்றான். அண்ணன் தவறிப் பத்து வருஷத்தில் நீங்கள் உங்களுக்காக எதுவும் கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் தலையை ஆட்டினேன். மலிவு டிக்கெட் என்பதால் கையில் தூக்கிக்கொண்டு போகும் பை மட்டும்தான், ஆளுக்கு ஏழு கிலோ. அதற்கு மேல் ஒரு கைக்குட்டை கூட ஆகாது என்று கண்டிப்பாகப் போட்டிருந்தது.

உங்களுக்கு ஏழு கிலோ தாராளம். இரண்டு புடவை, ஒரு துண்டு, மாத்திரை டப்பா. அப்புறம் அந்தப் பெரிய அட்டை போட்ட வரைபட நோட்டும் கலர் பென்சில் பெட்டியும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரையப் போவதாகச் சொன்னீர்கள். முதல் பக்கத்தில் தலைப்பைக்கூட எழுதிவைத்துவிட்டீர்கள்.

டிக்கெட்டை அச்செடுத்தது என் கடையில். எடுத்த புத்திசாலி நான், அதை மெஷின் மேலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்த வள்ளியக்கா கண்ணில் பட்டது. அவ்வளவுதான். நம் ஊரில் ஒருத்தர் வெளிநாடு போகிறார் என்றால் அவர் எதற்குப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நம்மாள் யார் இருக்கிறார், அவருக்கு என்ன கொடுத்துவிடலாம் என்பதுதான் கேள்வி. சாயங்காலத்துக்குள் கோலாலம்பூரைச் சுற்றியிருக்கும் ஊருக்கெல்லாம் சாமான் வந்தது. செந்தூலுக்கு மோர்மிளகாய். ரவாங்கில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப்பொடி வந்தது. காஜாங்குக்கு அதிரசம். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: “கனமே இல்ல டீச்சர்.” கனமே இல்லாத சாமான்கள் சேர்ந்து உங்கள் கலர் பென்சிலை முதல் நாளே வெளியே தள்ளிவிட்டன.

நான் அப்போதே கத்தினேன். “என்ன மதினி இப்பிடி எல்லாத்தையும் வாங்கி வைக்கிறீக? முடியாதுன்னு சொன்னா நாக்கு வெந்துருமா?”

“விடுத்தா. அங்க இருக்குறவுக வாசம் புடிச்சாப் போதும்னு கெடப்பாக. நம்ம காலு நல்லாத்தானே இருக்கு.”

கடைசியாக வந்தவர் வள்ளியக்கா. மகள் கல்யாணப் பத்திரிக்கை. கிள்ளானில் இருக்கும் அவர் நாத்தனாருக்கு அதைத் தபாலிலோ போனிலோ அனுப்பக் கூடாதாம். நேரில் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் மரியாதையாம், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வரமாட்டாராம். அதனால் பத்திரிக்கையோடு ஒரு எவர்சில்வர் தாம்பாளம், குங்குமச் சிமிழ், பாக்குப் பொட்டலம். வெற்றிலையும் பழமும் அங்கே வாங்கிக்கொள்ள வேண்டியது. என்னை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். “வழி கேக்க, பேசவெல்லாம் டீச்சர்தான் சரி. ஆனா தட்டை மட்டும் நீ குடு செல்வி. அவுக கை படக் கூடாது. சுமங்கலி கையால வச்சாத்தான் எனக்கு மனசு நிக்கும்.”

இரண்டடி தள்ளி நீங்கள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். வள்ளியக்கா தாழ்த்திய குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். உங்கள் கை ஒரு நொடி நின்றது, நான் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, “அந்தத் தாம்பாளம் எம்புட்டு அகலம்?” என்று மட்டும் கேட்டீர்கள். அகலம் அதிகம். அது உள்ளே போவதற்காக நோட்டு வெளியே வந்தது.

எப்படி மதினி வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள்? அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பில் வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்த கை அது. அந்தக் கை பட்ட பாடம் வேண்டும். ஊரெல்லாம் சாமான் தூக்க அந்தக் கை வேண்டும். தட்டைத் தொட மட்டும் ஆகாது. அந்த அடுப்படியில் நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். “சரிக்கா” என்றேன்.

கோலாலம்பூரில் நாம் தங்கியது சீனர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மலிவு விடுதி. ரயிலில் இருப்பதுபோல அடுக்குப் படுக்கை. முதுகுப் பை போட்டுத் திரிகிற வெள்ளைக்காரிகளுக்கு நடுவில் இரண்டு நூல் புடவைக்காரிகள். மேல் படுக்கைக்கு நீங்கள்தான் ஏறினீர்கள். எனக்கு முழங்கால் வலி. வரவேற்பு மேசையில் இருந்த வழுக்கைத்தலைச் சீனரிடம், ஆறு சேரும் இடம் எங்கே என்று உங்கள் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டீர்கள். அவர் சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்து, பழைய மசூதிக்குப் பின்னால், நடந்தால் பத்து நிமிஷம் என்றார். பத்தே நிமிஷம், மதினி. காரைக்குடியில் என் வீட்டிலிருந்து கடைக்குப் போகும் தூரம்.

“இப்பவே போயிட்டு வந்துருவமா?” என்றீர்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் என்ன சொன்னேன்? அதிரசம் பிசுபிசுத்துப் போகிறது, முதலில் சுமையை இறக்கிவிடுவோம், பிறகு கை வீசிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம் என்றேன். நியாயமான பேச்சுதான். நியாயமான பேச்சைப் பேசியே உங்களை நான் கெடுத்தேன்.

முதல் நாள் செந்தூல், ரவாங். செந்தூலுக்குத் தூண் மேல் ஓடும் ரயிலில் போனோம். நடுவில் ஒரு பாலத்தைக் கடந்தபோது நீங்கள் சட்டென்று நிமிர்ந்தீர்கள். “ஏத்தா, ஆறு! ஆறு!” எழுந்து பார்க்கப் பார்த்தீர்கள். மடியில் மோர்மிளகாய்ப் பை, அதன்மேல் மருந்துப்பொடி, முன்னால் நின்ற ஆள்களின் முதுகு. எழுந்து நிற்பதற்குள் ரயில் தாண்டிவிட்டது. பரவாயில்லை, வரும்போது பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். வரும்போது ஒரே கூட்டம், நின்றுகொண்டே வந்தோம். செந்தூல் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ரவாங் வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள். நல்ல மனிதர்கள்தான், பாவம். பிள்ளையைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டார்கள். திரும்பும்போது கையில் இரண்டு பைகள் கொடுத்தார்கள், காரைக்குடிக்குக் கொண்டுபோக.

இரண்டாம் நாள் காஜாங்குக்குப் போய்த் தெருப்பெயர் மாறிப்போனதில் அலைந்து, பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தோம். உங்கள் குதிகால் வெடித்திருந்தது. “நாளைக்கு முழுக்க ஆறுதான். காலையிலயே போயி உக்காந்துருவோம்” என்றீர்கள். நான் தைலம் தேய்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் வள்ளியக்காவிடமிருந்து போன். “பத்திரிக்கை வச்சாச்சா? நல்ல நேரம் இன்னைக்குப் பதினோரு மணி வரைக்கும் இருக்கு.” இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றுகொண்டும் நல்ல நேரம் பார்த்தார், உங்கள் நாளைப் பார்க்கவில்லை. நான் போனை அணைத்துவிட்டு, சாயங்காலம் போகலாம் மதினி என்றேன். நீங்கள்தான் கேட்கவில்லை. “கல்யாணக் காரியம் ஏத்தா. நேரம் தப்பி வச்சோம்னா அந்தம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். முடிச்சிட்டு வந்துருவோம். ஆறு சாயங்காலத்துலயும் ஓடும்ல.”

கிள்ளான் கடைத்தெருவில் வெற்றிலை தேடி வாங்கியது நீங்கள். பழம் பார்த்து எடுத்தது நீங்கள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தாம்பாளத்தைத் துண்டால் துடைத்து, வெற்றிலையின் காம்பு ஒரே பக்கம் வருகிற மாதிரி அடுக்கி, பத்திரிக்கையின் நாலு மூலையிலும் மஞ்சள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது நீங்கள். வீட்டைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். வீடு பூட்டிக் கிடந்தது. வருகிற விவரத்தை வள்ளியக்கா நாத்தனாரிடம் சொல்லவே இல்லையாம், திடீரென்று போய் நின்றால்தான் சந்தோஷமாக இருக்குமாம்! நாலு மணி நேரம் அந்த இரும்பு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். நல்ல நேரம் போனது, சாப்பாட்டு நேரமும் போனது. வெற்றிலை வாடாமல் இருக்க உங்கள் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து தெளித்துக்கொண்டே இருந்தீர்கள்.

கடைசியில் அந்தம்மா காரில் வந்து இறங்கி, கேட்டைத் திறந்து, ஆளைத் தெரிந்துகொண்டு, “வாங்க, வாங்க ரெண்டு பேரும்” என்று கையைப் பிடித்து இழுத்தார். அதுவரைக்கும் உங்கள் கையில் இருந்த தாம்பாளத்தை நீங்கள் என்னிடம் நீட்டினீர்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் செருப்பு வைக்கும் ஸ்டாண்டு பக்கத்தில் குனிந்தீர்கள். “நீங்களும் வாங்கம்மா, சேந்து குடுங்க” என்று அந்தம்மா கூப்பிட்டார். வள்ளியக்காவின் வழக்கமெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லை, மதினி. நீங்கள், “வாங்கிக்கங்கம்மா, நான் செருப்பக் கழட்டிட்டு வாறேன்” என்றீர்கள். ஒரு வார்ச் செருப்பு. காலை உதறினால் கழன்று விழுகிற செருப்பு. நான் தட்டைக் கொடுத்து, குங்குமம் நீட்டி, தேதியைச் சொல்லி, அந்தம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் வரைக்கும் நீங்கள் அந்தச் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

இரண்டே அடி எடுத்துவைத்து உங்கள் கையைப் பிடித்துத் தட்டில் வைத்திருக்கலாம். யார் தடுத்திருப்பார்? வள்ளியக்கா கடலுக்கு அந்தப் பக்கம். அந்தம்மா வேண்டி அழைத்துக்கொண்டு நிற்கிறார். நான் உங்களைப் பார்க்காத மாதிரி சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை, நம்மூர் மழைபோல வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகாது. ரயில் நிலையத்திலேயே இருட்டிவிட்டது. கடைசி நாள் காலையில் விமான நிலையத்துக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. நீங்கள் தலை சீவி, கையில் ஒன்றும் இல்லாமல் கதவுப் பக்கம் வந்து நின்றீர்கள். “பத்து நிமிசம்தானே செல்வி. ஓடிப்போயிப் பாத்துட்டு வந்துருவமா?”

நான் தரையில் உட்கார்ந்து, திரும்பக் கொண்டுபோகும் சாமான்களை ஏழு கிலோவுக்குள் அடைக்க முடியாமல் முழி பிதுங்கிக்கொண்டிருந்தேன். என் தையல்காரிக்குத் தைலம் வேறு வாங்க வேண்டியிருந்தது. “ஆறு எங்க மதினி போயிரப் போகுது? அடுத்த தடவை வருவோம்ல, அப்பப் பாத்துக்குவோம். இங்குட்டு வந்து இந்தப் பையப் புடிங்க” என்றேன்.

வந்து பிடித்தீர்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் பிலோமினா டீச்சர் கடைக்கு வந்தார். தெருவிலேயே அவர் ஒருத்தர்தான் நமக்கு ஒரு பொட்டலமும் தரவில்லை. ஜெபமாலையில் கை வைத்துக்கொண்டு, “கண்ணு நெறையப் பாத்துட்டு வாங்க டீச்சர்” என்று வழியனுப்பியவர். வந்ததும் வராததுமாக அவர் கேட்ட கேள்வி, “என்ன டீச்சர், ரெண்டு ஆறும் பாத்தீகளா? படம் சரியா இருந்துச்சா?”

நீங்கள் பேப்பர் கட்டை வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். “பாத்தாச்சு டீச்சர். ஒண்ணு லேசாச் செவந்து வருது, ஒண்ணு கலங்கலா வருது. சேந்த ஒடனே கலக்கல. கொஞ்ச தூரம் தனித்தனியாத்தான் போகுதுக. அப்பறம் எது எதுன்னு தெரியல. நாம போட்ட படத்துல கோணம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.” கைவிரல் இரண்டையும் சேர்த்துக் காட்டினீர்கள். பிலோமினா டீச்சர் அதைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, “மோர் குடிக்கிறியா?” என்றீர்கள்.

ஏன் மதினி அப்படிச் சொன்னீர்கள்? “எங்க டீச்சர் பாக்க விட்டா இவ?” என்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் என்னைக் கிழித்திருக்க வேண்டும். எனக்காக ஒரு ஆற்றையே கற்பனை செய்து சொன்னீர்களே, அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உங்கள் நல்ல குணத்தின் மேல் எனக்கு வருகிற கோபம் வள்ளியக்கா மேல்கூட வரவில்லை. எல்லோரும் உங்கள் மேல் ஏறிக்கொண்டு போவதற்கு நீங்களே குனிந்து கொடுத்தீர்கள்.

கல்யாணத்துக்குக் கிள்ளான்காரர் வந்தார். பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாக மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நீங்கள் சாப்பாட்டுக் கூடத்துக் கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர்கள் உங்கள் நாற்காலியைத் தாண்டி அடுத்த நாற்காலிக்கு நீட்டினார்கள். அந்த அம்மாதான் உங்களைத் தேடி வந்து, “அன்னைக்கு வெயில்ல நின்னீங்களேம்மா” என்றார். மண்டபத்தில் அது நினைவிருந்தது அவர் ஒருத்தருக்குத்தான்.

வருஷம் திரும்புவதற்குள் காய்கறிக் கடையில் நின்றவாறே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. துக்கத்துக்கு வந்த வள்ளியக்கா உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, “மகராசி, எம் மக பத்திரிக்கையக் கடல் தாண்டிக் கொண்டுபோயி வச்சாகளே” என்று ஒப்பாரி வைத்தார். அப்போது உங்கள் கை பட்டதாகச் சொல்வதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. எனக்கு எழுந்து தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, பேனாவை மூடிவைத்துவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இப்போதுதான் திரும்பி வந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

“இந்தாங்கக்கா. நான் கொண்டுபோகல.”

வள்ளியக்கா டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். “ஏன்டி? கனமே இல்லயே.”

“கனத்துக்குச் சொல்லல. போன தடவை எங்க மதினியக் கை படக் கூடாதுன்னு சொன்னீகள்ல, அதுக்குச் சொல்றேன். அவுக நாலு மணி நேரம் வெயில்ல நின்னாக. ஒங்க தட்டைக் கொண்டுபோகப் போயி, அவுக பாக்க வந்தத பாக்காமலே போயிட்டாக.”

அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கயிற்று முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கோபத்தோடு இல்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார். “ஊரு வழக்கத்தச் சொன்னேன் செல்வி. எங்கம்மா எனக்குச் சொன்னதத்தான் சொன்னேன். அங்க நானா வந்து நின்னேன்? எங்க நாத்துனா சொன்னாக, அவுக நீட்டுன தட்ட நீதானே வாங்குனே?”

டின்னை அவர் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாசல்படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார். “அப்ப வெறுங்கையாவா போகப் போறே?”

வெறுங்கை இல்லை மதினி. உங்கள் மகன் வீட்டைக் காலி பண்ணும்போது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். அந்த வரைபட நோட்டையும் கலர் பென்சில் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் உங்கள் குண்டுக் கையெழுத்தில் ‘கோலாலம்பூர் – இரண்டு ஆறு சேரும் இடம் – நேரில் பார்த்து வரைந்தது’ என்று இருக்கிறது. அடியில் பக்கம் காலி. இன்றைக்குப் பையில் எல்லாவற்றையும் வைத்து நிறுத்துப் பார்த்தேன். இரண்டு புடவை, துண்டு, நோட்டு, பென்சில் எல்லாம் சேர்த்து மூன்று கிலோகூட வரவில்லை. மிச்ச இடத்தில் ஒரு குண்டூசியைக்கூட யாரையும் வைக்க விடமாட்டேன்.

எனக்கு வரையத் தெரியாது, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டு கோடு இழுத்துச் சேர்க்க வரும். விடுதியில் பையைப் போட்டதும் முதல் வேலை அந்தப் பத்து நிமிஷ நடைதான். ஒன்று சிவப்பா, ஒன்று கலங்கலா, எவ்வளவு தூரம் தனித்தனியாகப் போகிறது, கோணம் எவ்வளவு, எல்லாம் பார்த்து அந்தப் பக்கத்தில் போட்டு எடுத்துக்கொண்டு வருவேன். வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பிலோமினா டீச்சர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். நோட்டைப் பிரித்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லப் போவது இதைத்தான்:

“எங்க மதினி இதப் பாக்கல டீச்சர். நாந்தான் பாக்க விடல.”